ஊட்டிக் குளிரில் ஹைட்ரைடு தூள்: அரைப்பதைவிட அளப்பதே பெரும்பாடு

ஹைட்ரஜன் சிலிண்டரை ஒரு தடவை படியேற்றித் தூக்கியவருக்கு ஹைட்ரஜனைத் தனக்குள் பிடித்து வைக்கும் உலோக ஹைட்ரைடு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. 47 லிட்டர் கொள்ளளவுள்ள அந்தச் சிவப்பு சிலிண்டர் 50 கிலோவுக்கு மேல் கனக்கும். 150 பார் அழுத்தத்தில் அடைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நூற்றுக்கு ஒரு பங்கு சரக்கு, மற்றதெல்லாம் இரும்பு. திரவமாக்கலாம் என்றால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். மெக்னீசியம் ஹைட்ரைடோ தன் எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜனைச் சாதாரண அறையில் சும்மா வைத்துக்கொண்டிருக்கும். ஒரு கன மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 110 கிலோ வருகிறது. திரவ ஹைட்ரஜனிலேயே 71 கிலோதான்.

உலோகம் ஹைட்ரஜனைக் குடிக்கும் என்பது பழைய செய்தி. 1866-இல் தாமஸ் கிரஹாம் பல்லேடியத்தில் அதைக் கண்டார். 1960-களின் கடைசியில் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்தப் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், லாந்தனம் ஒரு பங்கும் நிக்கல் ஐந்து பங்கும் சேர்ந்த உலோகக்கலவை அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜனை ஏற்றி இறக்குவதைப் பார்த்தார்கள். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ.என்.ஸ்ரீவாஸ்தவாவின் குழு, ஹைட்ரைடு டேங்க் வைத்த இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளை ஓட்டியே காட்டியது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த பிறகு, இதில் ப்ராஜெக்ட் செய்யலாமா என்று கேட்டு வரும் மாணவர்கள் கூடிவிட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஊட்டியில் உட்கார்ந்து செய்வதானால் சில விஷயங்கள் கட்டுரைகளில் கிடைக்காது. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் 2,240 மீட்டர் உயரத்தில், மஞ்சு மூடிய ஒரு பழைய கல் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் இல்லை. இங்கே ஈரம், காற்றழுத்தம், குளிர் மூன்றும் நம்மைக் கேட்காமலே ரீடிங்குக்குள் புகுந்துவிடுகின்றன.

முதலில் அரைப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெக்னீசியம் தூளை வாங்கி அரைத்து, அப்புறம் ஹைட்ரஜன் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். விலை குறைவுதான். ஆனால் மெக்னீசியம் நசுங்கும் உலோகம். பால் மில்லில் (ஜாடிக்குள் குண்டுகள் மோதி அரைக்கும் இயந்திரம்) போட்டால் பொடியாகாமல் தட்டையாகி, ஜாடிச் சுவரிலும் குண்டுகளிலும் அப்பிக்கொள்ளும். சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஹைட்ரைடாகவே வாங்கினால் அது நொறுங்கும் பொருள், சீக்கிரம் பொடிந்துவிடும். காசு இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம். காசு இல்லையென்றால் மெக்னீசியத்தோடு கொஞ்சம் கிராஃபைட் சேர்த்து அரையுங்கள், ஒட்டுவது குறையும்.

குண்டுகளின் எடை தூளின் எடையைப்போல் 20 மடங்கு, நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்று, கால் மணி நேர ஓட்டம், கால் மணி நேர ஓய்வு. எங்கள் வழக்கம் இது. ஓய்வு ஜாடி சூடேறாமல் இருப்பதற்கு. ஊட்டிக் குளிர் நமக்கு உதவுகிற ஒரே இடம் இதுதான். கூடவே நியோபியம் பென்டாக்சைடு அரை முதல் ஒரு மோல் சதவீதம். 300 டிகிரியில் ஓரிரு நிமிடங்களில் ஏற்றி இறக்கலாம் என்று ஜெர்மன் குழு ஒன்று 2003-இல் காட்டிய வினையூக்கி அது. எஃகு ஜாடியில் நீண்ட நேரம் அரைத்தால் இரும்பும் தூளில் கலக்கும். அது தானும் ஒரு வினையூக்கியாக வேலை செய்யும் என்பதால், வெறும் ஹைட்ரைடை அதே ஜாடியில், அதே நேரம் அரைத்து ஒரு ஒப்பீட்டு மாதிரி வைத்துக்கொள்ளாமல் நியோபியத்துக்குப் பெருமை கொடுக்கக் கூடாது.

நானோ என்கிற பேச்சிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அரைத்த தூளை எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி) வைத்து, கோடுகள் அகன்றிருப்பதைக் கொண்டு ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 10, 15 நானோமீட்டர் என்று வரும். அது படிகத்தின் அளவு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்தப் படிகங்கள் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு மைக்ரான் அளவு உருண்டையாகத்தான் கிடக்கும். அதை "10 நானோமீட்டர் துகள்" என்று ஆய்வேட்டில் எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, அரைப்பதால் ஹைட்ரஜன் வெளியே வரும் வேகம் கூடும். எந்த வெப்பத்தில் வர முடியும் என்பது கிட்டத்தட்ட மாறாது. மெக்னீசியமும் ஹைட்ரஜனும் கட்டியிருக்கும் கட்டு மோலுக்கு 75 கிலோஜூல். அது தளர வேண்டுமானால் துகள் சுமார் 1.3 நானோமீட்டருக்கும் கீழே போக வேண்டும் என்று 2005-இல் நெதர்லாந்துக் குழு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. பால் மில் எந்தக் காலத்திலும் அந்த அளவுக்கு அரைக்காது. கரைசலில் மெக்னீசியம் உப்பை வேதி ஒடுக்கத்தால் உலோகமாக்கி நிஜமான நானோ துகள் செய்கிற வழியும் உண்டு. அதற்கு டிஹெச்எஃப் கரைப்பானைச் சோடியமும் பென்சோஃபீனோனும் போட்டு ஆழ்ந்த நீலம் நிலைக்கும்வரை உலர்த்த வேண்டும். சாரல் மாதங்களில் அந்த நீலத்தைப் பிடித்து வைப்பதே ஒரு தனி வேலை. புதிதாக வருபவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

இனி ஈரம். குளோவ் பாக்ஸ் (ஆர்கான் நிரப்பி, கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டி) இருக்கிறதே, உள்ளே பத்து லட்சத்தில் ஒரு பங்கு தண்ணீர்கூட இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. குளிர்ந்த ஜாடியை ஆட்கள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் ஒரு நீர்ப்படலம் பூக்கும். அதோடு பெட்டியின் முன்னறைக்குள் (பொருட்களை உள்ளே அனுப்பும் வாசல்) போனால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் மெதுமெதுவாக ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். டிஷ்யூ காகிதம், பருத்திக் கையுறை, தெர்மோகோல் எல்லாம் இங்கே ஆண்டு முழுக்க நமுத்துப்போன சாமான்கள். உள்ளே போகும் எதையும் முந்தைய நாளே ஓவனில் சூடாக்கி, சூடு ஆறுவதற்கு முன் முன்னறையில் வைத்துவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பாட்டிலில் இருந்தது. மலையில் எல்லாக் கருவியும் கிடையாது. தூளை குளோவ் பாக்ஸிலேயே பாட்டிலில் போட்டு மூடி, சமவெளிக்கு அனுப்பித்தான் வெப்ப எடை ஆய்வு (சூடாக்கும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது) செய்ய வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அப்படிப் போன மாதிரிக்கு எடை இழப்பு 9 சதவீதம் என்று கிராஃப் வந்தது. ஆய்வகத்தில் ஒரே கொண்டாட்டம். மெக்னீசியம் ஹைட்ரைடால் கொடுக்கவே முடிந்த உச்சம் 7.6, அதிலும் வினையூக்கியின் எடையைக் கழிக்க வேண்டும். எங்கள் கைடு கிராஃபைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எங்கே மூடினீங்க, எங்கே திறந்தாங்க?"

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் பலூன் மாதிரி உப்புவதை எல்லோரும் பார்த்திருப்போம். எங்கள் பாட்டிலுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 0.77 பார். குளோவ் பாக்ஸின் உள்ளழுத்தமும் அதையொட்டியே இருக்கும். அங்கே மூடிய பாட்டில் கீழே இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. கோயம்புத்தூர் சேரும்போது உள்ளுக்கும் வெளிக்கும் 0.2 பார் அளவு வித்தியாசம். மூடியின் ரப்பர் கொஞ்சம் இளைத்திருந்தாலும் ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டேதான் போகும். தூளின் ஒரு பகுதி ஹைட்ராக்சைடாக மாறும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சூடேறும்போது தன் எடையில் 31 சதவீதத்தைத் தண்ணீராக இழக்கும். அதுவும் ஹைட்ரஜன் வெளியேறும் அதே 300, 400 டிகிரி வாக்கில். நூற்றுக்கு 6 பங்கு மாறியிருந்தாலே கணக்கு 9 சதவீதத்தைத் தொட்டுவிடும். எடை குறைந்தது மட்டும்தான் கருவிக்குத் தெரியும், போனது ஹைட்ரஜனா நீராவியா என்று அதற்குத் தெரியாது.

அன்றிலிருந்து கீழே போகும் மாதிரிகளைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, வாயை உருக்கி மூடியே அனுப்புகிறோம். அது முடியாதபோது பாட்டிலுக்கு மேல் ஆர்கான் அடைத்த இரண்டு உறைகள். வெளி உறையை உப்பலாக மூடினால், கீழே போய்ச் சேரும்போது தளர்ந்திருக்கும், ஆனால் ஒட்டிப்போகாது. வெளியே வரும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கும் வசதி இருக்கிற இடமாகத் தேடுங்கள். நிறை 2-இல் வருகிற கோடு ஹைட்ரஜன், 18-இல் வருவது தண்ணீர். அது இல்லாத கிராஃபை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை, யார் கொடுத்தாலும்.

இதே காற்றழுத்தம் அழுத்தம் காட்டும் கேஜிலும் விளையாடும். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் வேக்குவம் பம்பை ஓட்டிவிட்டு, முள் மைனஸ் 760-க்குப் போகாமல் 580 பக்கத்திலேயே நிற்கிறது, பம்ப் கெட்டுவிட்டது என்று வந்து நிற்பார்கள். பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. ஊட்டியில் வெளியேற்றுவதற்கு இருக்கும் காற்றே 580 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை. முழு அழுத்தம் வேண்டுமானால் பழக்க தோஷத்தில் 1 பார் கூட்டாமல் 0.77 கூட்ட வேண்டும். மெக்னீசியத்துக்கு 10 பாரில் ஹைட்ரஜன் ஏற்றும்போது அந்தக் கால் பார் பெரிதில்லை. லாந்தனம் நிக்கல் கலவை அறை வெப்பத்தில் 2 பார் வாக்கில் ஹைட்ரஜனை இழுப்பது. அங்கே கால் பார் பிழை பத்து சதவீதத்துக்கு மேல். ஹைட்ரைடிலிருந்து வருகிற வாயுவை வெளிக்காற்றின் அழுத்தத்தில் விடுவதானால், 1 பாரில் சுமார் 280 டிகிரி தேவைப்படும் மெக்னீசியத்துக்கு இங்கே 9 டிகிரி குறைவாகவே போதும். அது வினையூக்கியின் சாதனை என்று எழுதிவிடாதீர்கள். எங்களுக்குச் சரிப்பட்டது முழு அழுத்தத்தைக் காட்டும் சென்சார். விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

குளிர் செய்வது இன்னும் வேடிக்கை. ஹைட்ரஜன் எவ்வளவு ஏறியது என்று அளக்க சீவெர்ட்ஸ் முறை: கொள்ளளவு தெரிந்த ஒரு பாத்திரத்தில் ஹைட்ரஜனை அடைத்து, மாதிரிக்குத் திறந்துவிட்டு, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. அரை கிராம் தூள் முழுக்கக் குடித்தாலும் 38 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான். பாத்திரம் அரை லிட்டர் என்றால் அழுத்தம் இறங்குவது 0.93 பார். சரி, தெளிவாக அளக்கலாமே என்று தோன்றும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில், எங்கள் ஆய்வக அறையில் மதியத்துக்கும் விடியலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 10 பார் அழுத்தத்தில் நிற்கும் வாயு 10 டிகிரி குளிர்ந்தால், எதுவும் எதையும் குடிக்காமலே 0.34 பார் இறங்கும். முழு ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாலையில் ஆரம்பித்த மாதிரி இரவெல்லாம் அழகாக ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டிருப்பதாக கிராஃப் சொல்லும். காலையில் வெயில் ஓட்டில் விழுந்ததும் தானாக இறக்கத் தொடங்கும். சூரிய ஒளியில் வேலை செய்யும் ஹைட்ரைடு என்று பேடன்ட் எடுக்கலாம்.

தீர்வு லேசானது, ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். தெர்மோகோல் பெட்டிக்குள் 40 வாட் பல்பும் மலிவான கன்ட்ரோலரும் வைத்து 30 டிகிரியில் நிறுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். கசியக்கூடிய ஹைட்ரஜன் பக்கத்தில் பல்பும் ரிலேவும் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தைச் சுற்றிச் செம்புக் குழாய் கட்டி, தள்ளியிருக்கும் வாட்டர் பாத்திலிருந்து 30 டிகிரி தண்ணீரைச் சுற்ற விடுங்கள். வால்வுகளுக்கு மேல் ஃபோம் சுற்றுங்கள். பாத்திரத்தின் உடம்பிலேயே ஒரு தெர்மோகப்பிளை ஒட்டி, அழுத்தத்தோடு வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். அப்புறம் மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அலுமினா தூளை வைத்து ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள். அலுமினா ஹைட்ரஜன் "ஏற்றினால்", பிரச்சினை உங்கள் ஏற்பாட்டில்தான். அது தாண்டியதும் லாந்தனம் நிக்கல் கலவையை வைத்து, 1.4 சதவீதம் வருகிறதா, 2 பார் பக்கத்தில் படி (அழுத்தம் ஏறாமல் ஹைட்ரஜன் மட்டும் ஏறும் சமதளம்) விழுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக வரும்வரை எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் மெக்னீசியம் தொட அனுமதி கிடையாது.

பாதுகாப்பிலும் இந்த ஊருக்கென்று சில உண்டு. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை இறுக்கி மூடுவது இங்கே பிறவிப் பழக்கம். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம்வரை எரியும், பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. லேசான வாயு நேராக மேலே போய், பழைய கட்டடங்களின் மரக்கூரை இடுக்கு வழியாக ஓட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோண வெற்றிடத்தில் தேங்கும். அதனால் முகட்டில் ஒரு திறப்பு, கூரையையொட்டி டிடெக்டர். மேசை மேல் வைத்த டிடெக்டரால் பயனில்லை. சிலிண்டர் வெளியே கம்பிக்கூண்டில், உள்ளே எஃகுக் குழாய் மட்டும். அறையில் கணப்போ ரூம் ஹீட்டரோ கிடையாது, ஸ்வெட்டர்தான். ஹைட்ரஜன் ரெகுலேட்டரின் மரை இடப்பக்கம் சுற்றும் என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். வலப்பக்கம் முறுக்கியே மரையைத் தேய்த்தவர்கள் உண்டு.

அரைத்த மெக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது, கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் கூடாது. அந்த வாயுவிலேயே மெக்னீசியம் எரியும். டி வகைத் தூள் அணைப்பான் அல்லது காய்ந்த மணல். எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். எங்கள் ஆய்வகத்திலும் சிவப்பு வாளியில் மணல் தொங்கியது. அங்கே பல வருஷமாக அட்டெண்டராக இருக்கும் அண்ணன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த மண்ணைக் கையில எடுத்துப் பாருங்க, பிழிஞ்சா தண்ணி வரும்போல இருக்கு" என்றார். மஞ்சு வந்து போகும் வராந்தாவில் திறந்து கிடக்கும் மணல் வேறு எப்படி இருக்கும்? எரியும் மெக்னீசியத்தின் மேல் ஈர மணலைப் போட்டால் நீராவியும் ஹைட்ரஜனும் கிளம்பி வெடிக்கும். இப்போது மணலை ஓவனில் வறுத்து, மூடி இறுகும் தகர டின்களில் அடைத்து, குளோவ் பாக்ஸ் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது அண்ணனின் பொறுப்பு. அதில் அவர் யாரையும் நம்புவதில்லை.

ஆர்கான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அங்கேயும் மரம் விழுந்தால் சிலிண்டர் வண்டி கல்லாரிலேயே நின்றுவிடும். குளோவ் பாக்ஸ் ஆர்கான் இல்லாமல் நிற்பது ஒரு வாரம் வேலை போனதற்குச் சமம். செப்டம்பரிலேயே ஒரு சிலிண்டர் உபரியாக வாங்கி வையுங்கள். மின்சாரமும் அதே மழையில்தான் போகும். கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்கு முன் குளோவ் பாக்ஸின் சுழற்சிப் பம்புக்கு யுபிஎஸ் கொடுங்கள்.

வெளியே யாரிடம் சொன்னாலும் மேட்டுப்பாளையம் பஸ் இதில் ஓடுமா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு காருக்கே சுமார் 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். லாந்தனம் நிக்கலில் வைத்தால் கலவை மட்டும் 357 கிலோ. மெக்னீசியத்தில் 66 கிலோ போதும், ஆனால் அதை 300 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனை வெளியே எடுக்க 37 மெகாஜூல் வெப்பம் போகிறது. அந்த ஒரு கிலோவை எரித்தால் கிடைப்பது 120. கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டிக்கு இது தோதுப்படாது என்பது என் கருத்து. எடை ஒரு பொருட்டே இல்லாத இடங்களுக்குத்தான் ஹைட்ரைடு. ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடில்தான் வைத்திருக்கின்றன. நகராமல் ஓரிடத்தில் நிற்கும், பக்கத்திலேயே வீணாகும் வெப்பம் கிடைக்கும் ஏற்பாடுகளுக்கு மெக்னீசியம் பொருந்தலாம். மாணவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பில் "வாகனங்களுக்கான" என்று போட்டுக்கொண்டு வந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன்.

மிச்சத் தூளைக் கழிப்பது பற்றி யாரும் கேட்பதில்லை. வினையூக்கி கலந்து அரைத்த தூளைச் சிங்க்கில் கொட்டினால் அங்கேயே ஹைட்ரஜன் கொப்பளிக்கும். புகைபோக்கி அறையில், ஆர்கான் ஓட்டத்தில், அகன்ற பீக்கரில் தூளைப் போட்டு ஐசோபுரோப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குமிழ் அடங்கிய பிறகு தண்ணீர், அதுவும் சொட்டாகத்தான். பிறகு ஒரு நாள் அப்படியே திறந்து கிடக்கட்டும். மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி பாட்டில் தெறிக்கும். தூள் துடைத்த டிஷ்யூவையும் கழற்றிய கையுறையையும் இதே பீக்கரில் நனைத்த பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.